காசு கொடுத்து கயிறு இழுத்த கதை

பாய்மரக் கப்பலில் அண்டார்டிகா போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது பென்குவினைப் பற்றி. அடுத்தது எவ்வளவு செலவாச்சு என்று. இரண்டுக்கும் பதில் இருக்கிறது, போகிற போக்கில் சொல்கிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. அந்தக் கப்பலில் நான் பயணி கிடையாது. பணம் கட்டித்தான் ஏறினேன், ஆனாலும் நடுராத்திரியில் எழுப்பி, சுக்கானைப் பிடி, அந்தக் கயிற்றை இழு, தண்ணீரில் பனிக்கட்டி தெரிகிறதா பார் என்று வேலை வாங்கினார்கள். அப்படி வேலை வாங்கப்படுவதற்காகவே கட்டிய பணம் அது.

இதைத் தூத்துக்குடியில் என் தாய்மாமாவிடம் விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"கப்பல்ல வேலைன்னா சம்பளம் எவ்வளவுல தாரான்?"

"சம்பளம் கிடையாது மாமா. நாமதான் அவனுக்குக் கட்டணும்."

"வேலையும் செஞ்சு துட்டும் குடுக்கணுமா?" என்றவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அத்தையைக் கூப்பிட்டு, "இவன் சொல்றதக் கேளு" என்றார்.

கப்பலின் பெயர் யூரோப்பா. நெதர்லாந்துக் கொடி, மூன்று பாய்மரம், சுமார் 56 மீட்டர் நீளம். 1911ல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கட்டியது. கட்டியது எதற்கு என்பதுதான் வேடிக்கை. அன்றைக்கு அதன் பெயர் செனட்டர் ப்ரோக்கஸ், எல்பே ஆற்று முகத்துவாரத்தில் நங்கூரம் போட்டு நின்று மற்ற கப்பல்களுக்கு விளக்குக் காட்டுகிற மிதக்கும் கலங்கரை விளக்கம். அதாவது ஒரே இடத்தில் நிற்பதற்காகச் செய்த கப்பல். 1986ல் நெதர்லாந்துக்குக் கொண்டுபோய், வெறும் இரும்பு ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு வருடம் உட்கார்ந்து இழைத்து, 1994ல் பாய்க்கப்பலாக வெளியே விட்டார்கள். அதிலிருந்து உலகத்தில் போகாத இடமில்லை. தென்னரைக்கோளக் கோடையில் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து அண்டார்டிகாவுக்குப் போய்வருவது அதன் வழக்கம். நிரந்தர மாலுமிகள் பத்துப் பதினைந்து பேர், நம்மைப் போலப் பணம் கட்டி வருகிறவர்கள் நாற்பத்தெட்டு பேர் வரை. நமக்கு அங்கே 'வாயேஜ் க்ரூ' என்று பெயர். அனுபவம் எதுவும் கேட்பதில்லை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஜெர்மன் ஆசிரியை ஒருவர் இருந்தார், அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், கயிறு இழுப்பதில் எங்கள் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டார்.

பணம் விஷயம்: ஒரு சின்ன கார் வாங்குகிற காசு. விமானச் செலவு தனி. எனக்குக் கார் கிடையாது, இனிமேலும் கொஞ்ச காலத்துக்கு இருக்காது. சரி.

நான் ஏறியது பிப்ரவரிக் கடைசியில், சீசன் முடிகிற நேரம். உஷுவாயா துறைமுகத்தில் பக்கத்திலேயே பெரிய சொகுசுக் கப்பல்கள் நின்றன, பால்கனி வைத்தவை. அவற்றுக்கு நடுவில் யூரோப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, பாய்மரம் மட்டும் உயரமாகத் தெரிந்ததால் தப்பித்தேன். ஏறியதும் எங்களை மூன்று வாட்சாக, அதாவது முறைவைத்து வேலை செய்யும் குழுக்களாக, பிரித்துவிட்டார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம், நெதர்லாந்துக் கொடியின் நிறங்கள். நான் வெள்ளை. நாலு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மறுபடி நாலு மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் அரசாங்க உத்தியோகம் மாதிரி சுகமாகத்தான் தெரியும். அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் சாப்பாடு, குளியல், துணி காயவைப்பது, வாந்தி எல்லாம் அடக்கம் என்பது பிறகுதான் புரியும்.

முதல் நாள் முழுக்கக் கயிறு. இந்த மாதிரிக் கப்பலில் கயிறுகள் நூற்றுக்கணக்கில் மேலேயிருந்து இறங்குகின்றன, பக்கச் சுவரை ஒட்டி ஒரு பலகை, அதில் வரிசையாக மர முளைகள், ஒவ்வொரு முளைக்கும் ஒரு கயிறு. எல்லாம் ஒரே தடிமன், ஒரே நிறம். எது எந்தப் பாயை என்ன செய்யும் என்பதை முளை இருக்கிற இடத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கத்தான் காடு மாதிரி இருக்கிறதே தவிர அதில் ஓர் ஒழுங்கு உண்டு. முன்மரத்துக்கு ஒரு வரிசை இருந்தால் நடுமரத்துக்கும் ஏறக்குறைய அதே வரிசை, இடதில் இருப்பது வலதிலும் இருக்கும், மேலே போகப் போக அந்தப் பாய்க்கான கயிறு பின்னால் தள்ளி இருக்கும். பாயைத் தாங்குகிற குறுக்குமரத்தை எங்கள் ஊர்த் தோணிக்காரர்கள் பருமல் என்பார்கள். பருமலை மேலே ஏற்றும் கயிறு, பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு, பாயைச் சுருட்ட அடிவிளிம்பைத் தூக்கும் கயிறுகள், பருமலையே காற்றுக்குத் தக்கபடி இடமோ வலமோ திருப்பும் கயிறு. இந்த நாலு வகையைப் பிடித்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் அதே பாடம்தான், மரத்துக்கு மரம், பாய்க்குப் பாய். கடைசியாகச் சொன்ன திருப்புகிற கயிற்றுக்கு அவர்கள் பேச்சில் பிரேஸ் என்று பெயர். பயணத்தில் நான் அதிகம் இழுத்தது அதைத்தான்.

பிரேஸ் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று இழுப்போம். எதிர்ப்பக்கம் ஒரே ஓர் ஆள், அதே பருமலின் மறுநுனிக் கயிற்றை விட்டுக்கொடுப்பார். இழுக்கிறவர்களுக்குத்தான் வியர்க்கிறது, ஆனால் திறமை எல்லாம் அந்த ஒற்றை ஆளிடம். முளையில் சுற்றியிருக்கும் கயிற்றை முழுக்க எடுத்துவிடக் கூடாது, கடைசிச் சுற்றை வைத்துக்கொண்டே, கையைக் கையால் மாற்றி, பின்னால் காற்று எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு மட்டும் விட வேண்டும். கூட விட்டால் பருமல் தடாலென்று அடிக்கும். குறைய விட்டால் அந்தப் பக்கம் எட்டுப் பேர் சுவரோடு மல்லுக்கட்டுவார்கள். முதல் சில நாட்கள் அந்த வேலையை எங்களுக்குத் தரவே இல்லை. ஒருநாள் விடியற்காலையில் வாட்ச் தலைவி, டென்மார்க்காரப் பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, போகிற போக்கில் என்னைப் பார்த்து நீ அந்தப் பக்கம் போ என்றார். சம்பளமில்லாத உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

இழுக்கும்போது 'ஐலசா' போடலாம் என்று எனக்கு ஓர் ஆசை. போட்டும் பார்த்தேன். பாடாதே, கட்டளை காதில் விழ வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். காற்றில் 'நிறுத்து' என்கிற ஒரு சொல் காதில் விழாமல் போனால் யாருடைய விரலாவது முளைக்கும் கயிற்றுக்கும் நடுவில் இருக்கும். அதனால் எங்கள் கப்பலில் வேலை நேரத்தில் பாட்டு இல்லை. சினிமாவில் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

பீகிள் கால்வாயை விட்டு வெளியே வந்ததும் ட்ரேக் நீரிணை. தென்னமெரிக்காவின் நுனிக்கும் அண்டார்டிகாவின் முனையில் இருக்கும் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே சுமார் 800 கிலோமீட்டர். இந்த அட்சரேகையில் பூமியைச் சுற்றி எங்கேயும் நிலம் குறுக்கே வராது, அதனால் மேற்குக் காற்றும் நீரோட்டமும் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கின்றன, தடுக்க ஆளில்லை. அந்த மொத்த ஓட்டமும் நெருக்கிக்கொண்டு புகுகிற சந்து இந்த நீரிணை. தென்னமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையை 1616ல் சுற்றி வந்த ஸ்கௌட்டன், லெ மேர் இருவரும் நெதர்லாந்துக்காரர்கள், ஸ்கௌட்டனின் ஊரான ஹோர்னின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். எங்கள் நெதர்லாந்து மாலுமிகள் இதை நாளொன்றுக்கு ஒரு தடவையாவது நினைவுபடுத்தினார்கள். 1914ல் பனாமா கால்வாய் திறந்ததும் இந்த வழியில் போக்குவரத்து வற்றிவிட்டது. பாய்மரத்தை மட்டும் நம்பி சரக்கு ஏற்றிக்கொண்டு ஹார்னைச் சுற்றிய கடைசிக் கப்பல் பாமிர், 1949ல். அதற்குப் பிறகு இங்கே பாய் விரித்துப் போகிறவர்கள் எல்லாம் ஆசைக்காகப் போகிறவர்கள்தான். என்னையும் சேர்த்து.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய வீரன் போலத் தோன்றும். எங்கள் கப்பலில் ஐம்பதுக்கு மேல் ஆள், சுடச்சுட சூப், சாயங்காலம் கேக், அவசரத்துக்கு இஞ்சின். 2025 பிப்ரவரியில் இந்திய கடற்படையின் தில்னாவும் புதுச்சேரிப் பெண் ரூபாவும் தாரிணி என்கிற 17 மீட்டர் படகில், இரண்டே பேராக, இதே ஹார்ன் முனையைத் தாண்டிப் போனார்கள். உலகத்தைச் சுற்றிவிட்டு மே மாதம் கோவா திரும்பினார்கள். நாங்கள் எட்டுப் பேர் செய்த வேலையை அவர்கள் ஒருவர் தூங்கும்போது மற்றவராகச் செய்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் நம் கதை சும்மா.

குமட்டல் இரண்டாம் நாள் பிடித்தது. காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்து, இஞ்சி மிட்டாய், எலுமிச்சை, அம்மா கொடுத்தனுப்பிய சுக்குப் பொடி, எதுவும் வேலைக்கு ஆகவில்லை. படுத்தால் பரவாயில்லை, எழுந்து ஒரு காலுறை போடுவதற்குள் உயிர் போய்விடும். கப்பல் சாய்ந்தே போவதால் அறைக்குள் தொங்கும் சட்டைகள் எல்லாம் சுவரை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும், அதைப் பார்த்தாலே வரும். அந்த நிலையில் வாட்சுக்குப் போனால், இரக்கப்பட்டு உட்காரவைப்பார்கள் என்று நினைத்தேன். சுக்கானுக்கு அனுப்பினார்கள். அதுதான் வைத்தியமாம். நம்பாமல்தான் போனேன், உண்மை. கண் அடிவானத்தைப் பார்க்கிறது, கை சக்கரத்தில், அடுத்த அலை எந்தப் பக்கம் தள்ளப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தெரிந்துகொள்கிறது, அரை மணியில் வயிறு அடங்கிவிட்டது. காரில் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலைசுற்றுகிற பிள்ளைக்கு ஓட்டும்போது ஒன்றும் ஆகாதே, அதே கணக்கு.

சுக்கான் சக்கரம் கிட்டத்தட்ட என் நெஞ்சு உயரம். மோசமான கடலில் இரண்டு பேர் பிடிப்போம். எதிரே திசைகாட்டி, 'நூற்று அறுபது' என்று ஓர் எண் கொடுப்பார்கள், அதைத் திரும்பச் சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றே: எண் விலகியதும் சக்கரத்தைத் திருப்புவது, கப்பல் அசையவில்லையே என்று இன்னும் திருப்புவது, அது ஒருவழியாக அசைந்ததும் நிற்காமல் அடுத்த பக்கம் ஓடிவிடுவது. இத்தனை எடையுள்ள கப்பல் மெதுவாகத்தான் கேட்கும், கேட்க ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாது. அது கொடுத்த எண்ணை எட்டும் முன்பே எதிர்ப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். சக்கரத்தின் ஆரங்களில் ஒன்றில் மட்டும் பின்னல் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆரம் உச்சியில் இருந்தால் சுக்கான் நேராக இருக்கிறது என்று அர்த்தம். இருட்டில், இரண்டு ஜோடிக் கையுறைக்குள் மரத்துப்போன விரலால் அந்த முடிச்சைத் தேடித் தொட்டுவிட்டால் ஒரு நிம்மதி. திசைகாட்டியைப் பார்க்காமல் ஒரு நட்சத்திரத்தையோ மேகத்தின் விளிம்பையோ குறிவைத்துக்கொள் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். இரண்டு நாள் மேகத்தைக் குறிவைத்தேன், அது நகர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் நட்சத்திரம் கிடைத்தது.

மேலே ஏறுவது கட்டாயமில்லை. விருப்பப்பட்டவர்கள் ஏறலாம். இடுப்புப் பட்டை, இரண்டு கொக்கி, முதலில் துறைமுகத்தில் நின்றபோதே ஏறிக் காட்டச் சொன்னார்கள். காற்று வருகிற பக்கத்துக் கயிற்றேணியில்தான் ஏற வேண்டும், அப்போது காற்றே நம்மை ஏணியோடு அழுத்திப் பிடிக்கும். முதல் மேடைக்குப் போகும் இடத்தில் ஏணி வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கொஞ்ச தூரம் முதுகு கடலைப் பார்க்கத் தொங்கிக்கொண்டு ஏற வேண்டும். அந்த இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். அதைத் தாண்டினால் பருமல், அதற்குக் கீழே பாதம் வைக்க ஒரே ஒரு கயிறு. அதில் இன்னொருவர் கால் வைத்தால் நம் காலுக்குக் கீழே கயிறு துள்ளும், அதனால் வைக்கிறேன் என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பருமலின் மேல் வயிற்றை வைத்துக் குப்புறச் சாய்ந்து, கால் பின்னால் அந்தரத்தில் எழும்ப, கீழே தொங்கும் பாயை மடிப்பு மடிப்பாக இரண்டு கையாலும் மேலே வாரி எடுக்க வேண்டும். நனைந்த பாய் தகரம் மாதிரி விறைத்துக்கொண்டு கைக்குச் சிக்காது. ஒரு மடிப்பை வயிற்றுக்கும் மரத்துக்கும் நடுவில் அழுத்தி வைத்துக்கொண்டுதான் அடுத்ததை எடுக்க முடியும். அது நழுவினால் பக்கத்திலிருப்பவருடையதும் சேர்ந்து போகும். அன்றைக்கு எங்களுக்கு இரண்டு தடவை போயிற்று. கீழே டெக்கில் நிற்கிறவர்கள் எறும்பு மாதிரியெல்லாம் தெரியவில்லை, தெளிவாக, அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மணிக்கொரு தடவை குறிப்பேட்டில் காற்றழுத்தம், காற்றின் திசை, கடல் நீரின் வெப்பம் எழுதுவதும் வாட்சின் வேலை. இதை முதலில் சும்மா ஒரு சடங்கு என்றுதான் நினைத்தேன். ஒரு ராத்திரி என் வாட்சில் நீரின் வெப்பம் ஐந்து டிகிரிக்குப் பக்கத்திலிருந்து கடகடவென்று இறங்க ஆரம்பித்தது, கூடவே பனிமூட்டம். வடக்கிலிருந்து வரும் தண்ணீரும் அண்டார்டிகாவின் குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கிற எல்லை அது, வரைபடத்தில் கோடாகப் போட்டிருப்பார்கள். நாங்கள் எண்ணாகப் பார்த்தோம். கையெழுத்துக்கூடச் சரியாக வராத குளிரில் நானே எழுதிய எண்கள்.

அதிலிருந்து முன்பக்கக் காவலுக்கு முக்கியத்துவம் கூடிவிட்டது. பெரிய பனிமலையால் பயமில்லை, ரேடாரில் தெரியும். ஆபத்து, ஒரு லாரி அளவுக்கு உடைந்து, முக்கால்வாசிக்கு மேல் தண்ணீருக்குள் முழுகி, மேலே கொஞ்சமே தெரிகிற கட்டிகளால். ரேடார் அவற்றை அலை என்று நினைத்து விட்டுவிடும். ஆகவே 1911ஆம் ஆண்டு முறைதான்: கப்பலின் முன்நுனியான அணியத்தில் இரண்டு பேர், நான்கு கண். கடலில் அலை உடைகிற வெள்ளை வந்து வந்து மறையும். மறையாத வெள்ளையைத் தேட வேண்டும். சொல்ல எளிது. இருபது நிமிடம் வெறித்துப் பார்த்தால் எல்லா வெள்ளையும் மறையாதது போலவே தெரிய ஆரம்பிக்கும். நான் ஓடிப்போய்ச் சொன்னதில் பாதி வெறும் நுரை. ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தேகம் என்றால் சொல், சொல்லாமல் இருக்காதே என்பதுதான் உத்தரவு. குளிர் தாங்காது என்று அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள், முன்பக்கம், சுக்கான், கொஞ்ச நேரம் உள்ளே தேநீர். மாற்றிவிட வர வேண்டிய ஆள் ஐந்து நிமிடம் தாமதித்தால் அவர் மேல் வருகிற கோபம் இருக்கிறதே, நிலத்தில் யார் மேலும் எனக்கு அப்படி வந்ததில்லை.

அண்டார்டிகாவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது பால்கனிக் கப்பலில் போனாலும் அதே அண்டார்டிகாதான். பென்குவின்கள் இருந்தன, ஆயிரக்கணக்கில், நாற்றமும் அதே அளவில். ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி, அதைப் பென்குவின்கள் படித்ததில்லை. கரைக்குப் போகும் முன் பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, பாக்கெட்டுக்குள் புல் விதை ஒட்டியிருக்கிறதா என்று உறிஞ்சி எடுத்து, பெரிய ஏற்பாடு. ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் ஓர் இடத்தில் இறங்கக் கூடாது, ஐந்நூறு பயணிக்கு மேல் ஏற்றிய கப்பல்கள் ஆளை இறக்கவே கூடாது. எங்கள் கப்பலில் மொத்தமே ஐம்பதுக்குச் சற்று மேல்தான் என்பதால் எல்லோரும் ஒன்றாக இறங்கினோம், முறை வைத்துக் காத்திருக்கவில்லை. நம் நாட்டின் மைத்ரி, பாரதி நிலையங்கள் இந்தப் பக்கமே இல்லை, கண்டத்தின் கிழக்குப் பகுதியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. இதையும் நிறையப் பேர் கேட்டார்கள்.

ஓர் இடத்தை மட்டும் விட முடியாது. டிசெப்ஷன் தீவு. எரிமலை வாய்க்குள் கடல் புகுந்து குதிரை லாடம் போல ஆகிவிட்ட தீவு, உள்ளே நுழையக் குறுகலான ஒரு வாசல், அந்த வாசலின் நட்டநடுவில் தண்ணீருக்கு அடியில் ஒரு பாறை. இருக்கிற அகலத்தையும் முழுசாகப் பயன்படுத்த முடியாது, ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும். அந்த நேரத்தில் பாய் எல்லாம் சுருட்டி, இஞ்சினில், ஒருவரும் பேசாமல் உள்ளே போனோம். கரையில் கருமணல், ஓரத்தில் ஆவி பறக்கிறது. நார்வேக்காரர்கள் 1912லிருந்து 1931 வரை திமிங்கிலத்தைக் காய்ச்சி எண்ணெய் எடுத்த தொழிற்சாலை துருப்பிடித்துக் கிடக்கிறது, ராட்சதத் தொட்டிகள், கொதிகலன்கள். அப்புறம் பிரிட்டிஷ்காரர்கள் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். 1967லும் 1969லும் எரிமலை வெடித்து அதையும் காலி செய்தது. மற்ற இடங்களில் பனியின் அழகைப் பார்த்து வாயடைத்துப்போனவர்கள் இங்கே வேறு மாதிரி வாயடைத்துப்போனார்கள். எனக்கு இந்தத் தீவுதான் பிடித்தது, காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில்தான் நான் சொல்ல வந்த விஷயம் எனக்கே தெளிவாயிற்று. போகும்போது ட்ரேக் ஒரு தொல்லை, தாண்டினால் போதும் என்று இருந்தது. வரும்போது மேற்கிலிருந்து நல்ல காற்று, இஞ்சினை நிறுத்திவிட்டு ஏறக்குறைய எல்லாப் பாயும் விரித்தோம். இஞ்சின் நின்றதும்தான் கப்பலுக்குள் எத்தனை சத்தம் இருக்கிறது என்று தெரிகிறது, மரம் முனகுவது, கயிறு உராய்வது, சமையலறையில் ஒரு கரண்டி இடமும் வலமும் அடித்துக்கொள்வது. காற்று கொஞ்சம் பின்வாங்கிப் பக்கம் மாறினால் போதும், படுக்கையில் கிடக்கும்போதே தெரிந்துவிடும், இப்போது பிரேஸ் இழுக்கக் கூப்பிடுவார்கள் என்று. கூப்பிடுவார்கள். வானிலை என்பது போட்டோவுக்கு நல்லதா கெட்டதா என்கிற விஷயமாக இல்லாமல், நாளைக்கு என் தோள் வலிக்குமா வலிக்காதா என்கிற விஷயமாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்கு இந்தக் கடல் அழகாகத் தெரிந்து, இரண்டாம் நாள் சலித்துவிடும். எங்களுக்குச் சலிக்கவில்லை, வேலை இருந்தது. ஆல்பட்ராஸ் பறவையைக்கூட நான் நன்றாகப் பார்த்தது சுக்கானில் நின்றபோதுதான். மூன்றரை மீட்டர் வரை விரியும் சிறகு, ஒரு தடவைகூட அடிக்காமல் அலையின் மேடு பள்ளத்தை ஒட்டி எங்கள் கூடவே வந்தது. நானும் அதே அலையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையும் வாங்குவது ஏமாற்று இல்லையா என்று ஒரு நண்பன் கேட்டான். கணக்குப்படி அவன் சொல்வது சரி. நாற்பது கற்றுக்குட்டிகளுக்குக் கற்றுக்கொடுத்து வேலை வாங்குவதைவிட நல்ல மாலுமிகள் இருபது பேரை வைத்தால் கப்பலுக்கு மிச்சம், சீக்கிரமும் முடியும். ஒரே பாயைச் சுருட்ட அவர்களுக்கு ஆகும் நேரத்தைப் போல மூன்று மடங்கு எங்களுக்கு ஆயிற்று. அந்த மெதுவையும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா என்று தேடுகிறவர்களுக்கு: கடற்படையிடம் தரங்கிணி, சுதர்ஷினி என்று மூன்று மரம் வைத்த பாய்க்கப்பல்கள் இரண்டு இருக்கின்றன, கோவாவில் கட்டியவை. தரங்கிணி 1997லிருந்து ஓடுகிறது, உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது. ஆனால் அவை பயிற்சி அதிகாரிகளுக்கு, நம் மாதிரி ஆட்களுக்கு இடமில்லை. தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் பாய் விரித்து ஓடிய தோணிகளும் வத்தைகளும் இருந்த காலத்தில் இது பிழைப்பு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை 1930களில் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். நம் ஆட்களே அதை அட்லாண்டிக் தாண்டி ஓட்டிப்போய் 1938 ஆகஸ்ட்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அவர்களுக்குக் கூலி கொடுத்தார்கள். மாமாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கவனித்தது அதை மட்டும்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். கேமராவுக்குச் செலவழிப்பதைக் கையுறைக்குச் செலவழியுங்கள், கயிறு இழுக்க ஒன்று, சுக்கானுக்குத் தடிமனாக ஒன்று, நனைந்தால் மாற்ற இன்னொன்று. ரப்பர் பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், இரண்டு காலுறை போட வேண்டும். தலையில் மாட்டும் விளக்கில் சிவப்பு வெளிச்சம் இருக்க வேண்டும், வெள்ளை அடித்தால் காவலில் நிற்கிறவரின் கண் கெட்டுவிடும், திட்டுவார். விசாவை மாதக்கணக்கில் முன்னாலேயே பாருங்கள், என் முகவர் ஒருவர் கடைசி வாரம் வரை என்னைத் தண்ணீரில்லாமல் தவிக்கவிட்டார். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே எழுதிவிட்டால் சமைத்துத் தருகிறார்கள், காரம் மட்டும் நம்முடைய பொறுப்பு. நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாய் முதல் வாரத்திலேயே பொதுச் சொத்தாகிவிட்டது.

குளிர் ஆகாது என்றால் அண்டார்டிகாவே வேண்டாம். இதே போன்ற கப்பல்கள் அட்லாண்டிக்கை வெப்பமண்டல வணிகக்காற்றுப் பாதையில் கடக்கும் பயணங்களும் போடுகின்றன. வாரக்கணக்கில் காற்று ஒரே பக்கத்திலிருந்து வரும், சட்டை போடாமல் சுக்கான் பிடிக்கலாம், கட்டணமும் ஒரு நாளுக்கு என்று பார்த்தால் குறைவு. கரை என்று பெரிதாக எதுவும் வராது, அதனால் சீக்கிரம் இடம் நிரம்பாது. எனக்கு இனிமேல் காசு சேர்ந்தால் அதுதான்.